உயிரணுவின் உதிர்வு: ஏவலும் இயற்றலும்

1. முன்னுரை

ஒரு துறை ஒரு மொழியில் வேரூன்ற வேண்டுமாயின், அத்துறைப் பொருள்களைச் சுட்டும் சொற்கள் அம்மொழியில் பிறத்தல் வேண்டும். சொற்கள் செவ்வனே பிறத்தற்குப் பொருளின் இயல்பு முதற்கண் விளங்குதல் வேண்டும். பொருளை அறியாது சொல்லை ஆக்குவார், பிறமொழிச் சொல்லின் நிழலைப் பெயர்த்து வைப்பாரேயன்றிப் பொருளைப் பெயர்த்தவர் ஆகார்.

எம் துறையில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர், உயிரியல் நூற்பகுதி ஒன்றைத் தமிழாக்கி எம்மிடம் கொணர்ந்தார். உயிரணுக்களின் இறப்பைப் பற்றியது அப்பகுதி. ஒரு தொடரில், 'உயிரணு தற்கொலை செய்து கொள்கிறது' என அவர் எழுதியிருந்தார். அடுத்த தொடரிலேயே, 'அவ்வுயிரணு கொல்லப்படுகிறது' என்றிருந்தது. 'இவ்விரண்டனுள் எது சரி?' என வினவினோம். 'மூலத்தில் இரண்டும் உள்ளன, ஐயா' என்றார் அவர். அவர் கூற்று உண்மையே. ஆங்கில நூல்களில் இருவகை வழக்கும் பயில்கின்றன. ஆயினும், வினைமுதல் எது எனத் தெளியாமல் எழுதும் தொடர் பயில்வாரை மயக்கும். எனவே, இறப்பைத் தூண்டும் ஏற்பிகளின் செயல்முறையை முதலில் விளக்கி, அதன்பின் அதற்குரிய தமிழ்ச் சொற்களை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் 'செல்' எனப்படுவதை ஈண்டு உயிரணு என்கிறோம். ஈழத்துப் பாடநூல்கள் அதனைக் கலம் என வழங்கும். உயிரணுவின் மேற்பரப்பில் நின்று புறத்தேயிருந்து வரும் செய்தியை ஏற்கும் புரதத்தை ஏற்பி என்கிறோம். ஈழ வழக்கில் அது வாங்கி. ஏற்பியோடு சென்று பொருந்தும் பொருளை இணைபொருள் எனக் குறிப்போம்.

2. பெயர் பிறந்த வரலாறு

உயிரணுக்கள் இயல்பாகவே இறக்கின்றன என்னும் செய்தி புதியதன்று. 1842 ஆம் ஆண்டிலேயே கார்ல் வோக்ட் என்னும் அறிஞர், தேரையின் வளர்கருவை ஆராய்ந்தபோது இதனைக் கண்டார். 1964 ஆம் ஆண்டு இலாக்சின், வில்லியம்சு என்னும் இருவர், பட்டுப்பூச்சி இனத்தின் உருமாற்றத்தின்போது சில தசைகள் குறித்த காலத்தில் அழிதலை ஆராய்ந்தனர். அவ்வழிவுக்கு 'முன்வகுத்த நெறிப்படி நிகழும் இறப்பு' எனப் பொருள்படும் பெயரை அவர்கள் வழங்கினர்.

ஆயினும், இன்று உலகெங்கும் வழங்கும் 'அப்போப்டோசிசு' என்னும் பெயர் பிறந்த வரலாறே மொழி பயில்வோர் கருதத்தக்கது. ஆசுத்திரேலிய நாட்டு நோயியல் அறிஞர் ஜான் கெர், எலியின் கல்லீரலில் ஒருவகை இறப்பைக் கண்டார். அவ்வகையில் இறக்கும் உயிரணு வீங்கி வெடிப்பதில்லை. சுருங்கிச் சிறு துண்டுகளாகிறது. முதலில் அவர் அதனைச் 'சுருங்கு நசிவு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறித்தார். பின்னர் இசுக்காத்துலாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஆண்ட்ரூ வைலி, அலசுடர் கரி என்னும் இருவரோடு சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். இது நசிவின் ஒரு வகையன்று, வேறொரு நிகழ்ச்சி என்று அம்மூவரும் தெளிந்தனர். ஆகவே, வேறொரு பெயர் வேண்டினர். அவர்கள் அணுகியது அப்பல்கலைக்கழகத்துக் கிரேக்கத்துறைப் பேராசிரியர் ஜேம்சு கார்மாக்கையே. மரத்தினின்று இலையும் காம்பினின்று இதழும் உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். 1972 ஆம் ஆண்டு வெளிவந்த அம்மூவர் கட்டுரையில் அச்சொல் இடம்பெற்றது. அவர்க்கு நன்றியும் கூறப்பட்டது.

இதனை யாம் விரித்துரைத்தற்குக் காரணம் உண்டு. அறிவியலார் பொருளின் வேறுபாட்டைக் கண்டனர். மொழியறிஞர் அதற்கேற்ற சொல்லைக் கண்டார். இருவர் பணியும் ஒருங்கு சேர்ந்தபோதே பெயர் நிலைத்தது. தமிழில் இத்தகைய கூட்டு இன்னும் வழக்கமாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

3. நசிவும் உதிர்வும்

இறப்பு இருவகைப்படும் எனக் கொண்டு தொடங்குதல் பயில்வார்க்கு எளிதாம். தீயாலோ, அடியாலோ, குருதி தடைப்படுதலாலோ நேரும் இறப்பில் உயிரணு வீங்குகிறது. அதன் உறை கிழிகிறது. உள்ளிருந்த பொருள்கள் புறத்தே சிந்துகின்றன. சிந்திய பொருள்கள் அக்கம்பக்கத்து இழையங்களில் அழற்சியை விளைக்கின்றன. இது நசிவு.

மற்றொன்றில் உயிரணு சுருங்குகிறது. அதன் கருவிலுள்ள மரபுப்பொருள் திரண்டு, பின் ஒழுங்கான துண்டுகளாக அறுபடுகிறது. உறை கிழிவதில்லை, மேற்பரப்பில் கொப்புளங்கள் எழ, உயிரணு உறை மூடிய சிறு பொதிகளாகப் பிரிகிறது. அப்பொதிகளை அண்டையிலுள்ள விழுங்கணுக்கள் உட்கொள்கின்றன. அழற்சி பெரும்பாலும் எழுவதில்லை. இவ்வளவும் சில மணி நேரத்துள் முடிந்துவிடும். நிகழ்ந்த இடத்தில் சுவடு எஞ்சுவதில்லை. இத்துணைப் பரவலான ஒரு நிகழ்ச்சி நெடுங்காலம் அறிஞர் கண்ணுக்குப் புலனாகாமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

வளர்ந்த மனிதன் உடலில் நாள்தோறும் ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் இவ்வாறு மறைகின்றன என்பது பொதுவான மதிப்பீடு. கருவில் கைவிரல்கள் தனித்தனியே பிரிவதும், விரல்களுக்கு இடையிலுள்ள உயிரணுக்கள் இறந்து ஒழிவதனாலேயே.

இவ்விறப்பு தற்செயலன்று என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது ஒரு சிறு புழுவைப் பற்றிய ஆய்வு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுடைய அப்புழுவின் வளர்ச்சியில் 1,090 உடலுயிரணுக்கள் தோன்றுகின்றன. அவற்றுள் 131 இறக்கின்றன; எஞ்சுவன 959. எந்த உயிரணு, எப்பொழுது இறக்கும் என்பது புழுவுக்குப் புழு மாறுவதில்லை. இவ்விறப்பை நடத்தும் மரபணுக்களையும் ஆர்விட்சு குழுவினர் கண்டறிந்தனர். இவ்வாய்வுகளுக்காகப் பிரென்னர், ஆர்விட்சு, சல்சுடன் ஆகிய மூவரும் 2002 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

4. ஏற்பி கண்டறியப்பட்ட வரலாறு

இறப்புக்குரிய கருவி உயிரணுவின் உள்ளேயே உளது என்பது இவற்றால் பெறப்பட்டது. அக்கருவியைப் புறத்தேயிருந்தும் இயக்க இயலுமா என்பது அடுத்த வினா. அதற்கு விடை 1989 ஆம் ஆண்டு இரு நாடுகளில் ஏறத்தாழ ஒருங்கே கிடைத்தது.

சப்பான் நாட்டில் யோனெகாராவும் உடன் ஆய்ந்தோரும், மனித உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தோடு பொருந்தும் எதிர்ப்பொருள் ஒன்றைப் பெற்றனர். அதனை இட்டவுடன், அப்புரதத்தை உடைய உயிரணுக்கள் இறந்தன. ஆய்வுக்குப் பயன்பட்ட உயிரணு வகையின் பெயர்க்குறியிலிருந்து அப்புரதத்திற்கு 'ஃபாசு' எனப் பெயரிட்டனர். செருமனி நாட்டில் ஐடல்பர்க்கு நகரில் கிராமர் குழுவினரும் இத்தகைய எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டு, அது பொருந்தும் புரதத்திற்கு 'அப்போ-1' எனப் பெயரிட்டனர். பின்னர் இரண்டும் ஒரே புரதம் என விளங்கிற்று. வெள்ளணுப் பொருள்களை எண்ணிட்டு வழங்கும் முறையில் அதற்குச் 'சி.டி. 95' என்னும் மூன்றாம் பெயரும் உண்டு. ஒருபொருள் குறித்த பல சொல் இலக்கியத்திற்கு அணியாகலாம். அறிவியலுக்கு அது இடர்ப்பாடேயாம்.

1991 ஆம் ஆண்டு ஒசாகா நகரில் நகாதா குழுவினர் ஃபாசு ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். 1993 ஆம் ஆண்டு அதன் இணைபொருளையும் கண்டனர். எதிர்ப்பொருள் ஆய்வாளர் இட்டது; இணைபொருளோ உடல் தானே ஆக்கிக்கொள்வது. எனவே, புறத்தேயிருந்து வரும் இறப்புச் செய்தி உடலின் இயல்பான ஒழுங்குகளுள் ஒன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

ஃபாசு தனித்து நிற்பதன்று. கழலை நசிவுக் காரணி எனப் பொருள்படும் பெயருடைய புரதம் 1975 ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டது. அதன் முதல் ஏற்பியும், 1995 ஆம் ஆண்டு அறியப்பட்ட 'டிரெயில்' என்னும் இணைபொருளின் ஏற்பிகள் இரண்டும், வேறு சிலவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. உயிரணுவின் உட்புறமாக நீண்டிருக்கும் பகுதியில் ஏறத்தாழ 80 அமினோ அமிலங்களால் ஆன ஒரு கூறு இவற்றிற்குப் பொதுவாக உண்டு. இறப்புச் செய்தியை உள்ளே செலுத்த அது இன்றியமையாதது. ஆதலின் அதனை இறப்புக்கூறு என்றும், அதனையுடைய ஏற்பிகளை இறப்பேற்பிகள் என்றும் வழங்குவர்.

5. செய்தி செல்லும் நெறி

இனி, ஃபாசு ஏற்பியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நெறியைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி பொருந்துதல். இணைபொருள் மும்மூன்றாகச் சேர்ந்து நிற்கும் இயல்பினது. ஒரு கொலைத்திறன் வாய்ந்த வெள்ளணு, தன் மேற்பரப்பிலுள்ள இணைபொருளை மற்றோர் உயிரணுவின் ஃபாசு ஏற்பிகளோடு பொருத்துகிறது. அவ்வேற்பிகள் நெருங்கித் திரள்கின்றன. உட்புறத்தில் அவற்றின் இறப்புக்கூறுகளும் அருகருகே அமைகின்றன.

இரண்டாம் படி இடையீடு. ஏற்பி எதனையும் வெட்டும் ஆற்றலுடையதன்று. எனவே, தானே எதனையும் அழிப்பதில்லை. 'ஃபாடு' என்னும் இடைப்புரதம் ஒன்று உண்டு. 1995 ஆம் ஆண்டு அது கண்டறியப்பட்டது. அதற்கு இரு முனைகள் உள. ஒரு முனை இறப்புக்கூறு. அது ஏற்பியின் இறப்புக்கூற்றைப் பற்றும். மறுமுனை வேறொரு கூறு. அது செயற்படுபொருளைப் பற்றும்.

மூன்றாம் படி எழுப்புதல். அச்செயற்படுபொருளே 'காசுபேசு-8' என்னும் நொதி. 1996 ஆம் ஆண்டு அறியப்பட்டது. புரதங்களை அறுக்கும் நொதிகளுள் ஒரு குடும்பம் காசுபேசு. அசுபார்ட்டிக் அமிலம் என்னும் அமினோ அமிலத்தை அடுத்து அறுத்தல் இக்குடும்பத்தின் இயல்பு. ஆய்வுக்கூடந்தோறும் வேறு வேறு பெயரால் வழங்கிய இந்நொதிகளுக்கு அறிஞர் கூடி 1996 ஆம் ஆண்டில் ஒரு பொதுப்பெயரும் வரிசை எண்ணும் வகுத்தனர். காசுபேசுகள் உயிரணுவில் முன்னரே உள்ளன. ஆயின் உறங்கும் நிலையில் உள்ளன. இடைப்புரதங்களின்மேல் பல காசுபேசு-8 கள் வந்து கூடும்போது, ஒன்றன் அண்மையால் மற்றொன்று விழிக்கிறது. ஏற்பி, இடைப்புரதம், காசுபேசு-8 ஆகியவை கூடிய இத்தொகுதியை 1995 ஆம் ஆண்டிலேயே கிராமர் குழுவினர் பிரித்தறிந்திருந்தனர்.

நான்காம் படி செயல். விழித்த காசுபேசு-8, காசுபேசு-3 முதலிய செயல்முடிக்கும் நொதிகளை அறுத்து எழுப்புகிறது. அவை உயிரணுவின் நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறித்த இடங்களில் அறுக்கின்றன. கருவுறையைத் தாங்கும் புரதம் அறுபட, கரு குலைகிறது. மரபுப்பொருளை வெட்டும் நொதி ஒன்று உயிரணுவில் எப்போதும் உண்டு. ஒரு தடைப்புரதம் அதனைக் கட்டிவைத்திருக்கும். காசுபேசு-3 அக்கட்டை அறுக்கிறது. நகாதா குழுவினர் 1998 ஆம் ஆண்டு இதனை விளக்கினர். கட்டவிழ்ந்த நொதி மரபுப்பொருளைத் துண்டாடுகிறது.

ஐந்தாம் படி அகற்றுதல். உயிரணு உறையின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு கொழுப்புப்பொருள், அப்போது வெளிப்பக்கத்தில் தோன்றுகிறது. அப்பொருளை உட்பக்கத்தே வைத்துக் காக்கும் புரதத்தைச் சிதைப்பதும், இருபுறமும் கலந்துவிடும் புரதத்தை எழுப்புவதும் காசுபேசுகளே. வெளித்தோன்றிய கொழுப்பு, விழுங்கணுக்களுக்கு ஓர் அடையாளம் ஆகிறது. அவை வந்து உட்கொள்ளுகின்றன.

இப்படிகளுள் ஒன்று கருதத்தக்கது. ஏவல் புறத்தேயிருந்து வந்தது. ஆனால் அறுத்த நொதி, வெட்டிய நொதி, அடையாளம் காட்டிய கொழுப்பு ஆகிய எல்லாம் இறக்கும் உயிரணுவின் சொந்தப் பொருள்கள். விழுங்கணு வரும்வரையில், புறத்தேயிருந்து எக்கருவியும் உட்புகவில்லை.

6. இரு நெறிகளும் அவற்றின் கூட்டும்

மேற்கூறியது புறநெறி. அகநெறி என ஒன்றும் உண்டு. மரபுப்பொருள் பழுதுபட்டாலோ, வளர்ச்சிக்கு வேண்டிய பொருள் கிட்டாவிடினோ, உயிரணு தன் உள்ளிருந்தே இறப்பைத் தொடங்கும். அதற்கு இடமாவது உயிரணுவில் ஆற்றல் ஆக்கும் உறுப்பாகிய மைட்டோகாண்டிரியா. அதன் புறச்சவ்வு துளைபடச் 'சைட்டோகுரோம் சி' என்னும் புரதம் கசிகிறது. மூச்சுவினைக்கு உதவும் இப்புரதமே இடம் மாறியபோது இறப்புக்குக் காரணமாகிறது என்பதை 1996 ஆம் ஆண்டு சியாடாங் வாங் குழுவினர் காட்டினர். கசிந்த புரதம் காசுபேசு-9 ஐ எழுப்ப, அது காசுபேசு-3 ஐ எழுப்பும். எனவே, இரு நெறிகளும் ஈற்றில் ஒன்றே.

ஈற்றில் மட்டுமன்றி இடையிலும் அவை கூடுவதுண்டு. சில உயிரணுக்களில் காசுபேசு-8 மிகுதியாக எழும். அது காசுபேசு-3 ஐ நேரே எழுப்பிவிடும். கல்லீரல் உயிரணு போன்ற வேறு சிலவற்றில் அவ்வெழுச்சி போதுவதன்று. அங்கே காசுபேசு-8, 'பிட்' என்னும் புரதத்தை அறுக்கிறது. அறுபட்ட பிட் மைட்டோகாண்டிரியாவை அடைந்து அகநெறியைத் திறந்துவிடுகிறது. புறத்தே பிறந்த ஏவல் அகநெறியின் உதவியால் நிறைவேறுகிறது என்க.

7. ஒரே ஏற்பி, வேறு வேறு பயன்

இறப்பேற்பி என்னும் பெயரைக் கேட்டவுடன், அதனைத் தொட்டவுடன் இறப்பு உறுதி எனக் கருதுதல் கூடாது. கழலை நசிவுக் காரணியின் முதல் ஏற்பி இதற்குத் தக்க சான்று. இணைபொருள் பொருந்தியதும் அவ்வேற்பியின்கீழ் முதலில் கூடும் தொகுதி, பெரும்பாலும் உயிரணு வாழ்தற்கும் அழற்சி எழுதற்கும் உரிய மரபணுக்களையே எழுப்புகிறது. அவ்வாழ்வுச்செய்தி தடைப்பட்டால், ஏற்பியினின்று விலகி இரண்டாம் தொகுதி ஒன்று கூடுகிறது. அதுவே இறப்பைத் தரும். இவ்விரு தொகுதிகளின் வேறுபாடு 2003 ஆம் ஆண்டு விளக்கப்பட்டது. இக்காரணியின் அழற்சித் தொழிலைத் தடுக்கும் மருந்துகள் 1998 முதல் குடல் அழற்சிக்கும் மூட்டு அழற்சிக்கும் பயன்பட்டு வருகின்றன.

காசுபேசு-8 ஐயும் இறப்பின் கருவி என மட்டுமே கொள்ளுதல் பொருந்தாது. அதனை இழந்த எலிகள் கருவிலேயே மடிகின்றன. இறப்பைத் தரும் நொதி இல்லையேல் உயிரணுக்கள் மிகுதல் வேண்டுமன்றோ? கரு மடிவானேன்? விடை 2011 ஆம் ஆண்டு கிடைத்தது. காசுபேசு-8 தன் தொழிலால் மற்றோர் இறப்பு நெறியைத் தடுத்து வைத்திருக்கிறது. அந்நெறியில் உயிரணு நசிவு போலவே உறை கிழிந்து சிந்தும். ஆயினும் அதுவும் முறைவழிப்பட்டதே. அந்நெறிக்கு வேண்டிய மரபணு ஒன்றையும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிழைத்தன. ஆகவே, நசிவு போன்று தோன்றுவன எல்லாம் தற்செயல் அல்ல என்பதும் தெளிவாயிற்று. முன்னர்ப் பயில்வார்க்கு எளிமை கருதி யாம் கூறிய இருவகைப் பாகுபாடு, ஈண்டு இவ்வாறு திருத்தம் பெறுகிறது.

இணைபொருளை ஏற்றும் செய்தியைச் செலுத்தாத ஏற்பிகளும் உண்டு. டிரெயிலோடு பொருந்தும் ஏற்பிகளுள் சிலவற்றிற்கு முழுமையான இறப்புக்கூறு இல்லை. அவை இணைபொருளைப் பற்றி வைத்துக்கொண்டு ஏவலை வீணாக்குவன. இதற்கு நேர்மாறாக, இணைபொருள் இல்லாதபோது இறப்பை ஏவும் ஏற்பிகளும் உண்டு. இணைபொருள் பொருந்தியிருக்கும் வரையில் அவை வாளாவிருக்கும். அது நீங்கின் இறப்பைத் தொடங்கும். 1998 ஆம் ஆண்டு இவ்வியல்பு 'டி.சி.சி.' என்னும் ஏற்பியில் காட்டப்பட்டது. அங்கே ஏவலாவது செய்தியின் வரவன்று, செய்தியின் இன்மை.

8. ஏவல் பிழைத்தால்

இவ்வொழுங்கு பிழைபடின் நேரும் தீங்கு இருபாற்படும்: ஏவல் நிறைவேறாமை, ஏவல் மிகுதல்.

முன்னதற்குச் சான்று ஒருவகை எலியிடம் கிடைத்தது. அவ்வெலிகளில் நிணக்கணுக்கள் வீங்கும். உடல் தன்னையே பகையாகக் கருதித் தாக்கும் நோய் தோன்றும். 1992 ஆம் ஆண்டு அவற்றின் ஃபாசு மரபணு பழுதுற்றிருந்தமை அறியப்பட்டது. ஏறத்தாழ அதே நோயுடைய மற்றொரு வகை எலியில் ஏற்பி பழுதற்றிருந்தது, இணைபொருள் பழுதுற்றிருந்தது. பூட்டுப் பழுதானாலும் திறவுகோல் பழுதானாலும் கதவு திறவாதன்றோ? 1995 ஆம் ஆண்டு இத்தகைய பழுது மனிதரிடமும் கண்டறியப்பட்டது. அந்நோயுற்ற குழந்தைகளுக்கு நிணக்கணுக்களும் மண்ணீரலும் வீங்குகின்றன. தம் குருதியணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. நோய்க்கிருமியை எதிர்க்கப் பெருகிய வெள்ளணுக்கள், பணி முடிந்தபின் ஒழிய வேண்டும். ஒழியாவிடின், காக்க வந்தவையே கேடு செய்வனவாகும்.

பின்னதற்குச் சான்று 1993 ஆம் ஆண்டு ஆய்வு. ஃபாசு ஏற்பியை எழுப்பும் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது, கல்லீரல் உயிரணுக்கள் பெருமளவில் மடிந்தன. எலிகள் சில மணி நேரத்துள் இறந்தன. புற்றுநோய் உயிரணுக்களை ஃபாசு வழியே அழிக்கலாம் என்னும் எண்ணத்திற்கு இது பெருந்தடையாயிற்று. நலமுடைய உயிரணுக்களைப் பெரும்பாலும் விட்டுப் புற்றுயிரணுக்களைத் தாக்கும் இயல்புடையது டிரெயில். எனவே, அதன்மேல் நம்பிக்கை எழுந்தது. ஆயினும் அதன் ஏற்பிகளை எழுப்பும் எதிர்ப்பொருள்கள் பல, மனிதரிடம் செய்த ஆய்வுகளில் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை. ஏவல் சென்றவிடத்தும் இடையே தடுக்கும் புரதங்கள் புற்றுயிரணுவில் மிகுந்திருத்தல் அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

9. வினைமுதல் யார்?

பொருளியல்பு ஒருவாறு விளங்கிற்று. இனி மாணவரின் தொடர்களுக்கு மீள்வோம்.

'தற்கொலை' என்னும் சொல் இருவகையால் பொருந்தாது. முதலாவது, அச்சொல் மனிதனின் துயரையும் துணிபையும் உள்ளடக்கியது. உயிரணுவுக்கு அவை இல்லை. துயருற்ற மனிதர் செயலை உடலின் நலங்காக்கும் இயல்பான நிகழ்ச்சிக்குப் பெயராக்குதல் முறையன்று. இரண்டாவது, ஏவல் புறத்தேயிருந்து வந்தவிடத்துத் 'தன்' என்னும் முன்னொட்டு உண்மையை மறைக்கும். 'கொலை' என்பதும் பொருந்தாது. அறுக்கும் கருவி புறத்தேயிருந்து வரவில்லை.

தமிழிலக்கணம் இச்சிக்கலுக்கு முன்னரே ஒரு தீர்வை வைத்திருக்கிறது. வினைமுதலை இயற்றும் வினைமுதல், ஏவும் வினைமுதல் என இரண்டாகப் பகுப்பர் இலக்கண நூலார். கோயிலைத் தச்சன் கட்டினான் என்றலும், அதே கோயிலை அரசன் கட்டினான் என்றலும் இருவகையாலும் வழுவற்றனவே. தச்சன் இயற்றியவன், அரசன் ஏவியவன். இப்பகுப்பை ஈண்டுப் பொருத்துவோம். புறநெறியில் இணைபொருளைத் தாங்கிய உயிரணு ஏவும் வினைமுதல். இறக்கும் உயிரணுவின் காசுபேசு இயற்றும் வினைமுதல். ஏற்பியோ வினைமுதல் அன்று, ஏவலைக் கொண்டு சேர்க்கும் வாயில். அகநெறியில் ஏவுவதும் இயற்றுவதும் ஒன்றே. எனவே, 'தற்கொலை', 'கொலை' என மயங்கிய இரு தொடர்களும், 'அவ்வுயிரணு ஏவப்பட்டுத் தன் கருவிகளாலேயே இறக்கிறது' என ஒரே தொடராகத் தெளிவுறும். ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு: அரசனுக்குக் கருத்து உண்டு, வெள்ளணுவுக்கு இல்லை. இலக்கணம் வினையின் அமைப்பை மட்டுமே காட்டுகிறது. கருத்தை ஏற்றிக் கூறுவதன்று.

இனிப் பெயர். கார்மாக் எடுத்த கிரேக்கச் சொல்லின் பொருளுக்குத் தமிழில் நேரான சொற்கள் உள. வீ என்னும் சொல் மலரையும், சிறப்பாக உதிரும் நிலையில் உள்ள மலரையும் குறிக்கும். வீதல் என்னும் வினைக்கு அழிதல், இறத்தல் என்னும் பொருள்கள் உள. உதிரும் பூவும் இறப்பும் ஒரே ஒலியில் அமைந்த அச்சொல் அழகியதே. ஆயினும் அது வழக்கு வீழ்ந்த ஓரெழுத்துச் சொல். கூட்டுச்சொற்கள் ஆக்குதற்கு எளிதன்று.

எனவே, உதிர்வு என்பதையே யாம் பரிந்துரைக்கிறோம். அதற்கு மூன்று காரணங்கள் உள. ஒன்று, மூலச்சொல்லின் உருவகத்தை அது காக்கும். இரண்டு, உதிர்தல் தன்வினை, உதிர்த்தல் பிறவினை. அகநெறிக்கும் புறநெறிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வேரால் காட்டலாம். மூன்று, இவ்வுருவகம் மேற்போக்கானதன்று. இலை உதிர்தல் மரத்தின் இயக்கமே. காம்பின் அடியில் தனியொரு பிரிபடலம் உண்டு. இலையினின்று இடையறாது வரும் வளர்ச்சிப் பொருள் ஒன்று அப்படலத்தைத் தடுத்து வைக்கிறது. அவ்வரவு குன்ற, எத்திலீன் என்னும் வளி உதிர்வைத் தூண்டுகிறது. செய்தியின் வரவாலும் இன்மையாலும் இறப்பு ஏவப்படுதலோடு இஃது ஒத்தல் காண்க.

இதற்கு எதிராகக் கூறத்தக்கதும் உண்டு. முடி உதிர்தல், தோல் உதிர்தல் என வழங்குவதால், உயிரணு தன் இடத்தினின்று கழன்று விழுவதாகப் பயில்வார் கருதுதல் கூடும். உயிரணு இழையத்தினின்று கழன்றதனாலேயே இறக்கும் வேறொரு நிகழ்ச்சியும் உளது. 'வீடின்மை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதனை 1994 முதல் வழங்குவர். எனவே, 'உயிரணு உதிர்வு' எனச் சேர்த்தே வழங்குதலும், முதன்முறை ஆளும்போது விளக்கம் தருதலும் வேண்டும்.

'திட்டமிட்ட இறப்பு' என்னும் வழக்கைப் பற்றியும் ஒரு சொல். திட்டமிட்டவர் யார் என்னும் வினாவை அது எழுப்பும். உதிர்வையும், உறை கிழிந்து நிகழும் ஒழுங்கான இறப்பையும் ஒருங்கே அடக்க, 'முறைவழி இறப்பு' என்னும் பொதுப்பெயர் போதும். நசிவு என்பது முறைவழிப்படாத இறப்புக்கே உரியதாக நிற்கட்டும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி தானே கொல்வதன்று என்பதும், புறத்தே பிறந்த ஏவலை உட்செலுத்தி உயிரணுவின் சொந்தக் கருவிகளை எழுப்புவது என்பதும், அவ்வேவல் குன்றினும் மிகினும் உடலுக்குக் கேடு என்பதும் பெறப்பட்டன. இவற்றைக் குறிக்க ஏற்பி, இணைபொருள், இறப்பேற்பி, இறப்புக்கூறு, இடைப்புரதம், அகநெறி, புறநெறி, முறைவழி இறப்பு, உயிரணு உதிர்வு என்னும் சொற்களை இக்கட்டுரையில் ஆண்டுள்ளோம். நொதிகளின் பெயர்களையும் புரதங்களின் பெயர்களையும் ஒலிபெயர்த்தே வைத்தோம். உலகப் பொதுப்பெயர்களாக நிற்பவற்றைப் பெயர்த்தால் குழப்பமே மிகும்.

இச்சொற்களுள் குறையுடையன இருத்தல் கூடும். உயிரியல் வல்லார் பொருட்பிழை காட்டினால் ஏற்போம். தமிழ் வல்லார் இவற்றினும் சிறந்த சொல் தந்தால் மகிழ்வோம். அபர்டீனில் அறிவியலார் மூவர் கிரேக்கத்துறையின் வாயிலை நாடிச் சென்றனர். தமிழ்த்துறையின் வாயிலை அவ்வாறு நாடி வருவார்க்குச் சொல் கொடுக்க நாம் அணியமாதல் வேண்டும். வாராவிடின் நாமே அவர்பால் செல்லுதல் வேண்டும். எம் மாணவர் தம் தமிழாக்கத்தை, விலங்கியல் பயிலும் தம் நண்பர் ஒருவரோடு அமர்ந்து மீண்டும் எழுதி வருகிறார்.